ஆட்டம் நின்ற கொக்கி

"ஹலோ... அண்ணி? ஹலோ... கேக்குதா? நான்தான். பட்டறையில இருக்கேன்... ஆமா ஆமா, ஜீப்புக்குத்தான்... இல்ல இல்ல, இடிச்சு கிடிச்சு எல்லாம் இல்ல, பதறாதீங்க. டிரெய்லர் மாட்டுற கொக்கி ஆட்டம் கொடுத்துட்டே இருந்துச்சுல்ல, அதைச் சரி பண்ணிட்டேன்."

வாடகை நாற்காலிகள் ஏற்றும் அந்த டிரெய்லரையும் ஜீப்பையும், அண்ணன் நெஞ்சுவலியில் தவறிய பிறகு தம்பிதான் ஓட்டுகிறான். பட்டறைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். கொக்கிக்கு எதிரே தனியாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"...அதான் அண்ணி, கொக்கித் தண்டு குழாய்க்குள்ள தொளதொளன்னு கிடந்துச்சு. பிரேக் போட்டா பின்னாலேர்ந்து ஒரு இடி... ஆமா, அந்த லொடக் லொடக்குதான். ரெண்டையும் சேத்து ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கியாச்சு. இனி மூச்சு விடாது..."

மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"...அண்ணி? ...அழுறீங்களா? ...உங்களைக் கேக்காம செஞ்சது தப்புதான். தப்புதான்... ஆனா தினமும் தெருமுனையில அந்தச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து கதவைத் திறக்குறீங்க. என்னைப் பாத்ததும் உங்க மூஞ்சி போற போக்கு... எத்தனை நாளைக்குத்தான் நான் பாத்துட்டு இருப்பேன்? ...ம்... ம்... எனக்கொண்ணு, அண்ணனுக்கொண்ணுன்னு ரெண்டு தட்டு வைக்கிறீங்க அண்ணி. நானும் பேசாம சாப்பிட்டுட்டுப் போறேன்..."

கிளாம்ப்பில் ஒட்டியிருந்த கிரீஸை விரலால் வழித்தான்.

"...என்னது, கழட்டணுமா? ஐயோ, இறக்கத்துல பிச்சுக்கிட்டுப் போனா யாரு பதில் சொல்றது? ...அந்தச் சத்தத்துல அண்ணனே வர்ற மாதிரி இருக்கா? எனக்கு மட்டும் இல்லையா? ஒவ்வொரு பிரேக்குக்கும் முதுகுல கை வச்சுத் தள்ற மாதிரி இருக்கும். 'மெதுவாடா'ன்னு அண்ணன் சொல்ற மாதிரியே... யார்கிட்டயும் சொன்னதில்ல..."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"...எங்க இருக்கேனா? பட்டறையிலதான்னு சொன்னேனே... இல்ல, இன்னும் கிளம்பவே இல்ல... என்ன சத்தம்? ...நம்ம தெருவுலயா? வேற யாராவது வண்டியா இருக்கும். ஊர்ல நம்மகிட்ட மட்டுமா டிரெய்லர் இருக்கு? ...சரி சரி, கோவப்படாதீங்க..."

அதற்குள் போன் வழியாக அவன் காதிலும் விழுந்தது. லொடக். கொஞ்சம் இடைவெளி. லொடக். வீட்டருகே வேகத்தடையில் முன்னால் ஜீப்பும் பின்னால் டிரெய்லரும் ஏறி இறங்கும் அதே தாளம். கையை நீட்டி, எதிரே இருந்த கொக்கியைப் பிடித்து உலுக்கினான். அது இம்மியும் அசையவில்லை.

"அண்ணி, இருங்க. போகாதீங்க... சொல்றதைக் கேளுங்க, கதவைத் திறக்காதீ..."

தாழ்ப்பாள் விலகும் ஓசை. பிறகு அண்ணி சிரிப்பது கேட்டது. இத்தனை மாதமாக அவன் கேட்டிராத சிரிப்பு.

"...யாரு அண்ணி? ...யாரு வந்திருக்கா?"

யாரோ போனைக் கையில் எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"...அண்ணா?"

இணைப்பு அறுந்தது.