அமிர்தம் அக்கா அமர்ந்துவிட்டார்

கழுத்து நிறைய மாலையோடு, கண் நிறையக் கனிவோடு இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும் அரங்கநாதன் அய்யா அவர்களே! ரிஷிவந்தியத்துக்குக் காந்த நாற்காலியைக் கொண்டுவந்து ஓராண்டை வெற்றியோடு கடந்திருக்கும் டாக்டர் எழில்மதி அவர்களே! கல்வராயன் மலையிலிருந்து விடியற்காலையிலேயே பஸ் பிடித்து இறங்கிவந்த மலைமகள்களே! கழனிச் சேறு காலில் காயும் முன்னே ஓடிவந்த தாய்மார்களே! பந்தலுக்கு வெளியே நின்று, பொம்பளைகள் சமாச்சாரம் என்று நழுவப் பார்க்கும் அண்ணன்மார்களே! நழுவாதீர்கள், உங்கள் வீட்டுக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். மணலூர்பேட்டை மகளிர் குழுத் தலைவி செந்தமிழ்ச்செல்வி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

எதைப் பேசப் போகிறேன்? எல்லோருக்கும் தெரிந்ததை, எவரும் சொல்லாததைப் பேசப் போகிறேன்! சிரித்தால் சிந்துகிறதே, தும்மினால் சொட்டுகிறதே, இருமினால் ஈரமாகிறதே, அந்தச் சிறுநீர் அடங்காத சிரமத்தைப் பேசப் போகிறேன். ஏன் தலை குனிகிறீர்கள்? பிள்ளை பெற்றது பிழையா? பாரம் தாங்கிய தசை தளர்ந்தது பாவமா? சர்க்கரை வியாதியைச் சந்தையில் நின்று சொல்கிறோம். இதை மட்டும் ஏன் சேலைக்குள் சுருட்டி வைக்கிறோம்?

அங்கே என்னம்மா சிரிப்பு? சிரியுங்கள், சிரியுங்கள். பயமில்லாமல் சிரிக்கத்தானே கூடியிருக்கிறோம்!

எங்கள் ஊர் நடவுக் கூட்டத்துக்குத் தலைவி அமிர்தம் அக்கா. அவர் பாட்டெடுத்தால் அடுத்த கழனிக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்பார். ஆனால் அக்கா நடவுக்கு மட்டும்தான் வருவார். மல்லாட்டைக் கொல்லையில், அதுதான் நிலக்கடலைக் காட்டில், களையெடுக்கக் கூப்பிட்டால் வரமாட்டார். "அமிர்தத்துக்குத் திமிரு ஜாஸ்தி. காஞ்ச நெலத்துல காலு வெக்க மாட்டா" என்பார், கூட நடவு நடும் ஆயம்மாள்.

திமிரா அது? நடவுச் சேற்றில் எல்லார் சேலையும் நனைந்திருக்கும் தாய்மார்களே! எது எந்த ஈரம் என்று எவருக்கும் தெரியாது. காய்ந்த கொல்லையில் தெரிந்துவிடுமே! அதற்கு அஞ்சித்தான் அந்தக் குரல் தண்ணீர் கட்டிய கழனிக்குள்ளேயே ஒளிந்து வாழ்ந்தது. பஸ்ஸில் சீட்டு காலியாகக் கிடக்கும், அக்கா கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போவார்.

மகள் அபிநயாவுக்கு உளுந்தூர்பேட்டையில் வளைகாப்பு. "எம்மா, பக்கத்துல வந்து ஒக்காரு" என்று மகள் ஊரறியக் கூப்பிடுகிறாள். சம்பந்தி வீட்டார் பட்டு விரித்துப் போட்ட நாற்காலி. அக்கா உட்காரவில்லை. சுவரோரமாக நின்றார், சாப்பிடாமல் திரும்பிவிட்டார். மகள் போனில் கொதித்தாள். "என் வளகாப்புல ஒக்காரக்கூட உனக்கு மனசு வரல. தலப்பிரசவத்துக்கு உன் வூட்டுக்கு நான் வரமாட்டேன் போ!" சொன்னபடியே வரவில்லை. பேரன் பிறந்தான், பாட்டி பார்க்கவில்லை.

குழுக் கூட்டத்தில் என் மடியில் விழுந்து அழுதார் அக்கா. "செந்தமிழு, எனக்கு ஒக்கார ஆசை இல்லியா? எழுந்தா பட்டு நனஞ்சிருக்குமேன்னு பயந்துக்கினு நின்னேன். அத சம்பந்தி வூட்டுல இன்னான்னு சொல்றது?"

கையைப் பிடித்து ரிஷிவந்தியத்துக்கு, நம் டாக்டரிடம் அழைத்துப் போனேன். நாற்காலியைப் பார்த்ததும் அக்கா வளையலைப் பொத்திக்கொண்டார். "காந்தமா? என் வளையல்ல கோத்த ஊக்கையெல்லாம் இழுத்துக்குமா டாக்டரம்மா?"

"ஊக்கு, வளையல், செல்போன் எல்லாத்தையும் வெளிய வெச்சிடுங்க. ஒடம்புக்குள்ள பேஸ்மேக்கர், இரும்பு இருக்கறவங்களுக்கும் கர்ப்பிணிங்களுக்கும்தான் இது கூடாது. நீங்க சேலையோடவே ஒக்காருங்க" என்றார் டாக்டர்.

கத்தி இல்லை, காயம் இல்லை, ஊசி இல்லை, உடை களையும் கூச்சம் இல்லை! நாற்காலிக்குள்ளிருந்து எழும் காந்தத் துடிப்பு, இடுப்புக்கு அடியில் தளர்ந்த தசையைச் சுருக்கிச் சுருக்கி விடுகிறது. "உள்ளாற யாரோ தட்டி எழுப்பறாப்பல இருக்குதுடி" என்றார் அக்கா. மந்திரமா இது? இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி குணமாகும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவும் இல்லை. அக்கா தவறாமல் போனார், சொல்லிக்கொடுத்த பயிற்சியை வீட்டிலும் விடாமல் செய்தார்.

வென்றாரா? ஒரு நாள் கூப்பிடாமலே மல்லாட்டைக் கொல்லையில் இறங்கிப் பாட்டெடுத்தார்! ஆயம்மாள் களைக்கொத்தைக் கீழே போட்டார். அதே வாரம் உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரச் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து போய், மகளிடம் மறைத்ததை எல்லாம் சொன்னார்.

மகள் என்ன சொன்னாள் தெரியுமா? தாயைக் கட்டிக்கொண்டு கதறினாள். "புள்ள பொறந்ததுலேர்ந்து எனக்கும் அப்படித்தாம்மா இருக்குது. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாம கெடந்தேன்."

கேட்டீர்களா என் தாய்மார்களே? தாய் மறைத்தாள், மகளும் மறைத்தாள். ஒரே வலி, ஒரே வெட்கம், நடுவில் ஒரு பேச்சில்லை! அந்தப் பேச்சைத் தொடங்கியதுதான் அக்காவின் பெரிய வெற்றி. இப்போது மகளும் டாக்டரிடம் வருகிறாள்.

"என் பேரச் சொல்லியே பேசுடி. இன்னொருத்தி நிக்காம ஒக்காரட்டும்" என்று அனுமதி தந்தவர் அவர்தான். அதோ முன்வரிசையில், மடியில் பேரன், பக்கத்தில் மகள். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார், நாற்காலியை விட்டு ஒரு முறைகூட எழுந்திருக்கவில்லை!

அக்கா, இப்போதும் எழுந்திருக்காதீர்கள். நீங்கள் நின்றது போதும். தாய்மார்களே, அண்ணன்மார்களே, நாம் எழுவோம்! அமிர்தம் அக்கா அமர்ந்திருக்கட்டும், நாம் நின்று கைதட்டுவோம்! பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் பேச இடம் தந்த மேடைக்கும் என் நன்றி, வணக்கம்!