கொட்டாவி நூறு போட்ட நாள்

அண்ணன் என்னிடம் கடைசியாகச் சாதாரணமாகக் கேட்டது, பசை டப்பாவின் மூடியைத் திறந்து தரச் சொல்லித்தான். ஓரத்தில் பசை காய்ந்து மூடி இறுகிப்போயிருந்தது. அவர் முயன்று பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் திருகினேன். அசையவில்லை.

"எத்தனை சதவீதம் போட்ட?" என்றார்.

"ரெண்டு."

"அப்போ மூணு போடு."

நான் சிரித்துவிட்டு டப்பாவை மேசையில் வைத்தேன். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் இறந்துபோனார். நீங்கள் என்னை எழுதச் சொல்லியிருப்பது அந்த மதியத்தைப் பற்றித்தான். ஆனால் இந்தச் சதவீதப் பேச்சு விளங்காவிட்டால் மதியமும் விளங்காது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு வருடமாக எங்கள் வரைகலைக் கூடத்தில், ஜப்பானியக் கார்ட்டூன் பாணியில், ஓர் அனிமே தொடரைச் செய்துவந்தோம். அண்ணன் கதை எழுதுவார். நான் சண்டைகளை வரைவேன். நாயகனுக்குத் திரையில் கம்பீரமான பெயர் உண்டு. எங்களுக்குள் அவன் பெயர் கொட்டாவி. அவனை யாராலும் ஜெயிக்க முடியாது. மலையைப் பெயர்த்து எறிகிறவன் எதிரே வந்து நின்றாலும், இடது கையைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வலது கைச் சுண்டுவிரலால் காரியத்தை முடித்துவிட்டு, கொட்டாவி விட்டபடி வீட்டுக்குப் போய்விடுவான்.

ஒவ்வொரு சண்டைக்கும் அண்ணன் ஓர் அட்டையில் ஓர் எண்ணை எழுதி என் எதிர்ச்சுவரில் ஒட்டுவார். கொட்டாவி தன் பலத்தில் எத்தனை சதவீதம் போடுகிறான் என்பது அந்த எண். அதைப் பார்த்துத்தான் நான் முகம் வரைய வேண்டும். அரை என்றால் இமை பாதி மூடியிருக்கும். ஒன்று என்றால் ஒரு புருவம் ஏறும். இரண்டு என்றால் கை பையைவிட்டு வெளியே வரும். பதினோரு வருடத்தில் அவன் இரண்டைத் தாண்டியது ஒரே ஒரு முறை. அதுவும் தும்மலுக்காக.

பார்க்கிறவர்கள் இதை வைத்து அடித்துக்கொண்டார்கள். எந்தச் சண்டையில் எவ்வளவு போட்டான் என்று பிள்ளைகளும், பிள்ளைகள் என்று சொல்ல முடியாத வயதுக்காரர்களும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டார்கள். ஒருவர் மலையின் எடையைக் கணக்கிட்டு, பூஜ்யம் புள்ளி ஏழு என்று நிரூபித்து எங்களுக்குப் பதினாறு பக்கக் கடிதம் எழுதினார். அண்ணன் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் சண்டை வரைகிறவன். சுவர் இடிவதையும் எதிரி பறப்பதையும் உதவியாளர்கள் வரைந்தார்கள். என் பங்குக்கு, ஒருவன் கஷ்டப்படாமல் இருப்பதைப் பதினோரு வருடம் வரைந்தேன். வாய் திறக்கும் கோணங்களில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

தொடர் முடியப்போகிறது என்று ஆனபோது நான் அண்ணனிடம் பேசினேன்.

"கடைசிச் சண்டை. ஒரு தடவை நூறு போடட்டும்ணா."

"மூணு. அதுவே அவனுக்கு அதிகம்."

"இத்தனை வருஷம் பார்த்தவங்க ஏமாந்து போவாங்க."

"உழைக்காம ஜெயிக்கிறான்னுதான்டா அவங்க பார்க்குறதே. உழைக்கிற மூஞ்சியை வீட்டுக் கண்ணாடியிலேயே பார்த்துக்குவாங்க." பிறகு கொஞ்சம் இறங்கிவந்தார். "சரி, நூறு போடுற மூஞ்சியை நீ பார்த்திருக்கியா? பார்க்காததை வரையறதில்லன்னு இந்தக் கூடத்துக்கே ஒரே ஒரு சட்டம்தான் இருக்கு. போய் ஒரு நூறைப் பார்த்துட்டு வா. அப்புறம் பேசலாம்."

இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு வரச் சொன்னது அவர்தான்.

நான் நேர்மையாகத் தேடினேன். எங்கள் வழக்கப்படி கண்ணாடி முன் நின்று நானே நடித்தேன், மலச்சிக்கல்காரனைப்போல இருந்தது. உதவியாளர்களை ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்ட விட்டேன், நடுவிலேயே சிரித்துவிட்டார்கள். எடை தூக்கும் கூடம் ஒன்றில் மூன்று மாலைகள் உட்கார்ந்திருந்தேன். நல்ல மனிதர்கள், ஆனால் அறுபதைத் தாண்டவில்லை. முடியாவிட்டால் கீழே போட்டுவிடலாம் என்று அவர்களுக்குத் தெரியும். அது கண்ணில் தெரிந்துவிடுகிறது. கீழே போட முடியாததைத் தூக்குகிறவனிடம்தான் நூறு இருக்கும் என்று மூன்றாவது மாலை எனக்குப் புரிந்தது.

இனி அந்த மதியம்.

பழைய தாள்களை ஒரு குறுகிய அறையில், கூரை வரை உயர்ந்த இரும்பு அலமாரியில் வைத்திருந்தோம். பதினோரு வருடச் சண்டைகளும் அதில்தான் இருந்தன. காகிதம் எவ்வளவு கனக்கும் என்று வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும். உதவியாளர்கள் கீழே சாப்பிடப் போயிருந்தார்கள். முதல் வருடக் கட்டு வேண்டும், எனக்கு எட்டவில்லை என்று அண்ணனிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் உயரம் அவருக்குப் போனது.

அவர் மேல்தட்டைப் பிடித்துக்கொண்டு தாள்கட்டை இழுத்தார். அலமாரி முன்னால் சாய்ந்தது. இரண்டு கைகளாலும் தோளாலும் தாங்கிக்கொண்டார். பின்னால் அட்டைப்பெட்டிகள் சுவர்போல அடுக்கியிருந்ததால் நழுவ இடமில்லை. நான் வாசலருகே முக்காலியில் இருந்தேன்.

"தம்பி, பிடி."

நான் பார்த்தேன். அதற்குமுன் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. கழுத்து நரம்பு நடுவில் இரண்டாகப் பிரிந்திருந்தது. இடது கண் மட்டும் சிறுத்திருந்தது. வாய் திறக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை, அது இறுக மூடிக்கொள்கிறது.

"டேய், விளையாடாத. நிஜமாவே முடியல. நடிக்கிறேன்னு நினைக்கிறியா?"

"இல்லண்ணா. நடிப்பு இல்லன்னு தெரியுது," என்றேன். "கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புண்ணா."

திரும்பினார். வாசல் பக்கம் கூப்பிடத் திரும்பினார் என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கலாம். ஆனால் பதினோரு வருடம் சேர்ந்து வேலை செய்தவர்கள் நாங்கள். அவர் ஒத்துழைத்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான்கு தாள் வரைந்தேன். என் கைவேகத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் கூடவே ஆகியிருக்கலாம். மூன்றாவது தாளில் பென்சில் முனை உடைந்தது. நல்லவேளையாக இன்னொன்றைச் சீவி வைத்திருந்தேன். நான்காவதில் காது முடியவில்லை.

சத்தம் கேட்டு உதவியாளர்கள் ஓடிவந்தபோது கை கழுவிக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். கையில் பென்சில் கரி இருந்ததால் கழுவவும்தான் செய்தேன். பிறகு அழுதேன். அது நடிப்பில்லை. எனக்கு இருந்தது ஒரே அண்ணன். இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் வேலைக்கு வந்ததும் சுவரில் புது அட்டையைத் தேடுவேன். இப்போதும் எந்தச் சுவரைப் பார்த்தாலும் தேடுகிறேன்.

கடைசி அத்தியாயத்தை நானே முடித்தேன். கொட்டாவி இரண்டு கைகளாலும் வானத்தைத் தாங்கி நிற்கிறான். ஏழு விநாடி. என் வாழ்நாளில் வரைந்த மிகச் சிறந்த ஏழு விநாடி அதுதான். ஒளிபரப்பான மறுநாள் ரசிகர்கள் கூடி விவாதித்து, அது நாற்பது, மிஞ்சினால் நாற்பத்திரண்டு என்று முடிவுகட்டினார்கள். உண்மையான நூறு என்றால் வாய் திறந்திருக்கும் என்று அந்தப் பதினாறு பக்கக் கடிதக்காரர் விளக்கியிருந்தார். நான் பதில் எழுதவில்லை. நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

அன்று மாலையே அண்ணி கூடத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தம்பி, அந்த மூஞ்சியை எங்க பார்த்தீங்க?"

"எந்த மூஞ்சி அண்ணி?"

"பல்லைக் கடிச்சா இடது கண்ணு மட்டும் சின்னதாகும். நரம்பு ரெண்டாப் பிரியும். பீரோவை மாடிக்கு ஏத்தினப்ப ஒரே ஒரு தடவை நான் பார்த்திருக்கேன். அன்னிக்கு நீங்க இல்ல. தூக்குற வேலைன்னா நீங்க என்னிக்கு இருந்திருக்கீங்க?"

"அண்ணன் மூஞ்சிதானே அண்ணி. மனசுல கற்பனை பண்ணி வரைஞ்சேன்."

"நீங்கதான் பார்க்காததை வரைய மாட்டீங்களே," என்றார். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறார்.

அந்த நான்கு தாள்கள் இப்போது உங்கள் கோப்பில் இருக்கின்றன. மடிக்காமல் வைத்திருப்பதற்கு நன்றி. நான் பலம் எதுவும் பிரயோகித்தேனா என்று கேட்டீர்கள். தள்ளவில்லை, தொடவில்லை, முக்காலியைவிட்டு எழக்கூட இல்லை. கொட்டாவிகூட ஒரு சண்டைக்கு அரை சதவீதமாவது போடுவான்.

அலமாரியைச் சுவரோடு பிடித்திருந்த நான்கு போல்ட்டுகள் என் பென்சில் பெட்டியில் கிடைத்தது பற்றியும் கேட்டீர்கள். ஆமாம், அங்கேதான் போட்டுவைத்தேன். வேறு யாரும் அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை. அவர் சாகவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. நூறு போட்டால் தாங்கிவிடுவார் என்று நம்பினேன். எங்கள் இருவரில் அவர்மேல் அதிக நம்பிக்கை வைத்திருந்தவன் நான்தான்.

ஒரே ஒரு பொய்யை மட்டும் திருத்த வேண்டும். போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. முந்தின நாள் சாப்பாட்டு நேரம் முழுவதும் ஸ்பேனரோடு போராடித்தான் கழற்றினேன். இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்துவிட்டன. அதனால் மறுநாள் காலை அண்ணன் டப்பாவை நீட்டியபோது, நான் போட்டது இரண்டு சதவீதம் இல்லை. என்னிடம் இருந்தது முழுவதையும் போட்டேன். பல்லைக் கடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கூடத்தைப் பூட்டி முத்திரை வைக்கும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று என்று எழுதிய அட்டை ஒட்டப்படாமல் மேசையிலேயே கிடக்கிறது. அதன் மேல் பசை டப்பா. மூடியை இன்னும் யாரும் திறக்கவில்லை.