கடைசி வரி வரைக்கும் படித்தேன்

கையில் ஏறிய மீன் வாடை சோப்புக்குப் போகாது. எலுமிச்சைத் தோலைத் தேய்த்தால் போகும். தினமும் தேய்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவேன். எனக்குப் பதினாறு வயது. உப்பளத்தில் எங்கள் தெருவிலேயே பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி மூன்று வருஷமாகியும் கோர்ட்டு பிரெஞ்சில்தான் எழுதியது. அதனால் யார் வீட்டுக்குக் கோர்ட்டுக் காகிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். முத்திரை பெரிதாக இருந்தால் ஜெயித்துவிட்டோம் என்று அதற்குக் குங்குமம் வைக்கிற ஜனங்கள். பொறுமையாகத்தான் படித்துச் சொல்வேன்.

அஞ்சம்மாள் அத்தை எதிர்வீடு. கூடை மீன் விற்பவள். புருஷன் கடலோடு போனபின், அவன் அண்ணன் சக்கரபாணி வீடு தன்னுடையது என்று வழக்குப் போட்டான். வீடு இளைய மகனுக்கு என்று மாமனார் எழுதவைத்துக் கைநாட்டு வைத்த பத்திரம் அத்தையிடம் இருந்தது. அதன் நகலை மட்டும் வக்கீலிடம் கொடுத்திருந்தாள். கைநாட்டு பொய், அசலைக் காட்டு என்றான் சக்கரபாணி. விசாரணைக்கு முன்னால் காட்டத் தேவையில்லை என்றார் அத்தையின் வக்கீல். அதற்கே நாலு மாதம் மல்லுக்கட்டினார்கள்.

அந்தத் தகராறில் நீதிபதியின் உத்தரவு வந்த அன்று, நான் வீடு திரும்பும்வரை அத்தைக்குப் பொறுக்கவில்லை. கூடையோடு பள்ளி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏ கன்னியம்மா! இந்தக் காயிதத்தப் பாரு பாப்பா, என்ன எழுதியிருக்கு?"

கூடையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டியது. கூடப் படிக்கும் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். "ஒங்கம்மாவாடீ?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

வாங்கிப் படித்தேன். பதினைந்து நாளுக்குள் அசல் பத்திரத்தைக் கோர்ட்டில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வழக்கில் அது செல்லாது. ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சத்தமாகப் படித்தேன். தமிழ் மட்டும் என்னுடையது.

"பத்திரத்த யாருக்கும் காட்ட வேணாம்னு ஜட்ஜே சொல்லிட்டாரு அத்த. ஒன் வக்கீல் கேட்டாக்கூடக் குடுக்காத."

"எனக்கு அப்பவே தெரியும். அந்தாளு முழியே சரியில்ல."

வக்கீலின் குமாஸ்தா ராமலிங்கம் இரண்டு தடவை வந்து பத்திரம் கேட்டார். "எட்ட நில்லுய்யா, எங்க பாப்பா எல்லாம் படிச்சுச் சொல்லிடுச்சு" என்று மீன் அரிகிற கத்தியோடு எழுந்து நின்றாள். கோர்ட்டில் வைக்கத்தான் கேட்கிறோம் என்று அவர் தமிழில்தான் சொன்னார். அதை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் சொன்னதைப் பிடித்துக்கொள்கிற மூளைக்கு நான் என்ன செய்ய முடியும்?

பதினைந்து நாள் போயிற்று. வழக்கும் போயிற்று.

இன்று சாயங்காலம் தீர்ப்புக் காகிதத்தோடு வந்தாள். கூடை இல்லை. தலை குளித்து, துவைத்த புடவை கட்டியிருந்தாள்.

"அன்னிக்கு ஒன் சிநேகிதிங்க முன்னாடி ஒனக்குத் தலகுனிவாப் போச்சு பாப்பா. எனக்கே மனசு ஆறல. எலுமிச்சந்தோலு தேச்சுட்டு வந்தேன், பாரு." இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

வாடை இல்லை.

எட்டு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தமிழில் சொன்னேன். "வக்கீல் ஒன்ன வித்துட்டாரு அத்த. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது" என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. மடியிலிருந்து பத்திரத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இத நீயே வச்சிரு பாப்பா. வேற யாரயும் நம்ப மனசில்ல."

இப்போது அது என் பாய்க்கு அடியில் இருக்கிறது. புரண்டால் சரசரக்கிறது. அதனால் புரளாமல் படுத்திருக்கிறேன். எதிர்வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிற சத்தம் கேட்கிறது.

நான் எதையும் மறைக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம் என்று தீர்ப்பின் கடைசி வரியில் இருந்தது. அதையும் விடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடியே, திருத்தமாக, பிரெஞ்சில் படித்தேன்.