இந்த மாதத் தலைப்பு

மனிதனுக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தால் ரத்த அழுத்தம் குறையும் என்று டாக்டர் சொன்னார். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது என்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன். போதகர் ஐயாவும் சபைக் கமிட்டியாரும் என்னைப் பல வருடங்களாக அறிவீர்கள். பெயர் சுந்தர்சிங். இரும்புலியூரில் வீடு, மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். அறுப்பின் பண்டிகைக்கு வருடா வருடம் படம் எடுப்பவனும் நான்தான். இந்த வாக்குமூலத்தை யாரும் வற்புறுத்தாமல், சுயபுத்தியோடு, காலை காபிக்குப் பிறகு எழுதுகிறேன்.

கேமரா வாங்கிய புதிதில் எதை எடுப்பதென்றே தெரியவில்லை. மொட்டை மாடிக்குப் போவேன், தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பேன், இறங்கி வந்துவிடுவேன். கேமரா பீரோவில் புடவைகளுக்கு நடுவே தூங்கியது. அப்போதுதான் அஸ்தினாபுரம் கஸ்தூரிரங்கன் சார் நடத்தும் புகைப்பட வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். மாதம் ஒரு தலைப்பு. ஒன்றாம் தேதி காலை சரியாக ஆறு மணிக்கு வரும், மாதக் கடைசியில் முடிவு. தலைப்பு என்று ஒன்று கையில் இருந்தால் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது. 'கதவு' என்று வந்த மாதம் தாம்பரத்தில் நான் நின்று பார்க்காத கதவு இல்லை. இரண்டு வீட்டில் வெளியே வந்து யார் வேண்டும் என்று கேட்டார்கள். அவ்வளவு உற்சாகமாக நான் இருந்ததே இல்லை. கமிட்டியார் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் கதவுக்குக் கடைசி இடம் கிடைத்தது. கஸ்தூரிரங்கன் சார் தன்மையான மனிதர், போனில் கூப்பிட்டே சொன்னார்.

"சார், கதவு நல்லாதான் இருக்கு. ஆனா எத்தனை நாளைக்கு மரத்தையே எடுப்பீங்க? மனுஷங்கள எடுங்க. ஃபீலிங் வேணும் சார். செட்டப் பண்ணி எடுத்தா செல்லாது, அது ரூல்ஸ். நெஜமா இருக்கணும்."

நிஜமான உணர்ச்சி வேண்டும். அதுவும் மாதக் கடைசிக்குள் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நியாயமான மனிதன் எந்த முடிவுக்கு வருவானோ அதற்குத்தான் நானும் வந்தேன்.

ஜூன் மாதத் தலைப்பு 'காத்திருப்பு'. என் மனைவி ஹெப்சியிடம், புடவை எடுக்கப் போகலாம், தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நில், ஸ்கூல் விட்டதும் வந்துவிடுகிறேன் என்றேன். ஒரு மணி நாற்பது நிமிடம் நின்றாள். அதே ஒரு மணி நாற்பது நிமிடம் நானும் எதிரே நடைமேம்பாலத்தில் வெயிலில் நின்றேன், அதை யாரும் பேசுவதில்லை. பதினோரு தடவை போன் செய்தாள். எடுத்திருந்தால் முகத்தில் இருந்தது போயிருக்கும். அதற்கு மூன்றாம் இடம்.

ஜூலையில் 'தேடல்'. அக்கா சரோஜினி பெண்கள் கூட்டத்தில் வேதபாடம் வாசிக்கவேண்டிய காலையில், அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். ஹாலில் உட்கார்ந்து கேமராவைத் துடைப்பதுபோல இருந்தேன். தலையணை உறையிலிருந்து குழம்புச் சட்டி வரைக்கும் தேடினாள். மறுநாள் நானே கண்டுபிடித்துக் கொடுத்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கேசரி கிண்டித் தந்தாள். இரண்டாம் இடம்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வந்த தலைப்பு 'அதிர்ச்சி'.

அக்கா மகள் ஜென்சிக்கும் பம்மல் டெனிஸுக்கும் செப்டம்பர் பதினொன்றில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது தாங்கள் அறிந்ததே. ஜென்சிக்கு நடை பழக்கியது நான். அவள் முதலில் சொன்ன வார்த்தையே 'மாமா' என்று வீட்டில் சொல்வார்கள். டெனிஸும் தங்கமான பையன். இருவர் மீதும் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது என்பதைப் பதிவு செய்கிறேன்.

நம் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்கள் பெயரை வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று கேட்கிறோம். ஓலை வாசிப்பது என்று இதற்குப் பெயர். உங்களுக்குத் தெரியாததல்ல, முறையாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன். முதல் இரண்டு ஓலை நல்லபடியாக முடிந்தது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்து முப்பது வருடமாக அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. கேள்வி கொஞ்சம் வீணாவதாகவே எனக்குப் பட்டது.

ஆகஸ்ட் ஒன்பது, சனிக்கிழமை சாயங்காலம், போதகர் அறைக் கதவுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளினேன். 'மணமகனுக்குக் கூடுவாஞ்சேரியில் ஏற்கனவே விவாகம் நடந்ததாகக் கேள்வி.' கேள்வி என்றுதான் எழுதினேன், அடித்துச் சொல்லவில்லை. இடது கையால் எழுதியதில் எழுத்து கொஞ்சம் கோணல். அதற்காக வருந்துகிறேன்.

மறுநாள் சபை மலருக்குப் படம் எடுப்பதாகச் சொல்லி மாடியில் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போதகர் ஐயா சீட்டைச் சபையில் வாய்விட்டுப் படிக்கவில்லை. ஓர் ஆட்சேபணை வந்திருப்பதால் மூன்றாம் ஓலை இன்று வாசிக்கப்படவில்லை என்று மட்டும் சொன்னார். ஜென்சி ஏதோ தவறு என்று நினைத்து முதலில் சிரித்தாள். பிறகு அடுத்த வரிசையில் இருந்த டெனிஸைத் திரும்பிப் பார்த்தாள். பாட்டுப் புத்தகம் கையிலிருந்து நழுவியது. அதற்குள் பதினான்கு படம் எடுத்துவிட்டேன். ஒன்பதாவது மிக நன்றாக வந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம். தனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று கடிதம் கேட்டு டெனிஸ் கூடுவாஞ்சேரியில் இருக்கும் சபைகளுக்கெல்லாம் பைக்கில் போனான். மாமா என்ற முறையில் நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். எல்லா இடத்திலும் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துக் கடிதம் கொடுத்தார்கள். ஆனாலும் டெனிஸின் அம்மா சாராள் இறங்கி வரவில்லை. "எழுதினது யாருன்னு சபையில எழுந்து சொல்லட்டும். அதுவரைக்கும் எங்க வீட்டுப் பேச்சு எடுக்காதீங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். ஜென்சி சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு நாள் அவளைப் பார்க்கப் போயிருந்தேன்.

"எழுதினவங்களுக்கு நான் என்ன மாமா பண்ணேன்?" என்று கேட்டாள்.

எனக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது. நீ ஒன்றும் செய்யவில்லை கண்ணு என்று சொல்லி அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அறையில் வெளிச்சமும் போதவில்லை.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அப்போது சொல்லியிருந்தால் செட்டப் செய்த படம் என்று தள்ளிவிட்டிருப்பார்கள். ஜென்சியின் அதிர்ச்சியில் துளிகூட நடிப்பு இல்லை. அப்படி ஒரு படத்துக்கு அந்தப் பழி வருவதை, அவளைத் தூக்கி வளர்த்தவன் என்ற முறையில் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆகஸ்ட் முப்பத்தொன்றில் முடிவு வந்தது. முதல் இடம். "எப்டி சார் கெடச்சுது இந்த மொமென்ட்?" என்று கஸ்தூரிரங்கன் சார் கேட்டார். பொறுமை வேண்டும் சார் என்றேன்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி காலை ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு என் மனசாட்சி விழித்துக்கொண்டது. இனி ஒரு நாளும் இந்தப் பாரத்தைச் சுமக்க முடியாது என்று தோன்றியது. ஆகவே ஒப்புக்கொள்கிறேன்: அந்தச் சீட்டை எழுதியவன் நான்தான். டெனிஸ் குற்றமற்றவன். கல்யாணம் குறித்த தேதியில் நடக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனையில், ஒன்பதரை மணிக்குள் வாசிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு கிழக்கு ஜன்னலில் வெயில் உச்சிக்கு ஏறிவிடும். ஜென்சி இடது பக்கம் மூன்றாம் வரிசையில், ஜன்னலை ஒட்டி உட்காரட்டும். சாராள் அம்மா நடுவில் வராமல் பார்த்துக்கொண்டால் நல்லது. நான் ஜென்சி முன்னால் முழங்காலில் இருப்பேன் என்பதால் கேமராவை முன்பே ஸ்டாண்டில் பொருத்திவிடுகிறேன். ரிமோட் என் சட்டைப்பையில் இருக்கும்.

இந்த மாதத் தலைப்பு 'மன்னிப்பு'. கடைசித் தேதி முப்பது. இந்த ஞாயிறு அவளுக்கு மனம் வரவில்லையென்றால் அடுத்த ஞாயிறும் வந்து மண்டியிடத் தயாராக இருக்கிறேன். அவள் மன்னிப்பதாக இருந்தால், கொஞ்சம் மெதுவாக மன்னிக்கச் சொல்லுங்கள்.