கைப்பிடிக்குக் கீழே ஒரு மொகம்

அது மட்டும் முடியாது, திரேபியஸ் ஐயா. வேற என்ன வேணாலும் கேளுங்க. கூஜா கழுத்தக் குறுக்கணுமா, குறுக்கிடலாம். வெண்கலத்துல ஈயம் ஜாஸ்தியா, கொறச்சிடலாம். கைப்பிடிக்குக் கீழ ஒட்டுற அந்த மொகத்த மாத்த மாட்டேன்.

மொதல்ல ஒக்காருங்க. புத்தியோலி துறைமுகத்துலருந்து எங்க கப்புவா வரைக்கும் இந்த வெயில்ல கோவேறு கழுதமேல வந்திருக்கீங்க. இந்தாங்க, காடி கலந்த தண்ணி. மூஞ்சியச் சுளிக்காதீங்க, எங்களுக்கு இதான் ஒயினு.

அந்த எடத்துல பாம்புமுடி ராட்சசி தல வெச்சாதான் விக்குதா? விக்கட்டுமே. தெருவுல எல்லாப் பட்டறையிலயும் அவதான் பல்லக் காட்டிட்டு நிக்கிறா. அங்க வாங்கிக் கப்பல்ல ஏத்திக்க வேண்டியதுதானே? போக மாட்டீங்க. அவங்க கைப்பிடி ஒரே வருஷத்துல கழண்டு கையோட வந்துரும்.

என்னது? விருந்தாளி கண்ணுல படாத மொகத்துக்கு இவ்ளோ வீம்பாங்கிறீங்களா?

விருந்தாளி எங்க பாக்கப் போறாரு. கை கழுவ கைய நீட்டிட்டு அடுத்தவரோட பேசிட்டிருப்பாரு. கூஜாவச் சாய்க்கிறவ இருக்கா பாருங்க, அவ கண்ணுக்கு நேரா வரும் அது. ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க கை நீட்டினவரு. நான் விடுதல ஆகுற வரைக்கும் அடிமையா ஊத்தினவ.

ஹிலாரஸ்கிட்டயா? தாராளமா கேளுங்க. எம் புருஷன் என்னவிட மோசம். பழைய அச்சு தேஞ்சுபோச்சுன்னு போன மாசம் அந்த மொகத்த மறுபடி மெழுகுல புடிச்சாரு. மூக்கு இன்னும் கொஞ்சம் சப்பையா இருந்துச்சுங்கிறாரு, நான் இல்லங்கிறேன். ஒரே சண்ட. நெசத்தச் சொன்னா ரெண்டு பேருக்குமே இப்ப சரியா ஞாபகமில்ல.

ஆமா, கொழந்த மொகந்தான். க்யூப்பிட்னு சொல்லி வித்துக்கோங்க, எனக்கென்ன.

எங்க பொண்ணு. தல்லூசான்னு பேரு. அடிமைக்குப் பொறந்தது எசமான் சொத்து, ஒங்களுக்குச் சொல்லணுமா. ஏழு வயசுல யாரோ கப்பல்காரனுக்கு வித்துட்டாரு. எந்த ஊருன்னு கேக்க அன்னிக்கு எங்களுக்கு வாயில்ல. இப்ப வளந்திருப்பா. எங்கயோ, யாரு கைக்கோ தண்ணி ஊத்திட்டிருப்பா.

இந்தக் கூஜாவப் பாத்து அவளுக்கே அடையாளம் தெரியாட்டியும் கூட வேல செய்யிறவ எவளாச்சும் சொல்லுவா, அடியே, இது ஒம் மூஞ்சி மாதிரியே இருக்குடின்னு. கைப்பிடி மேல முத்திரையில அவ அப்பன் பேரு இருக்கு. படிச்சுச் சொல்ல ஒருத்தன் இல்லாமலா போயிருவான்.

ஒங்க கப்பல் இந்தத் தடவ எந்தப் பக்கம்? மசிலியா துறைமுகமா?

அங்க இதுவரைக்கும் எங்க கூஜா ஒண்ணுகூடப் போகல. எத்தன ஏத்துவீங்க?