கடைசித் தம்ளர்

லிங்கம்: “கேப்டனுக்குத் தாகமே எடுக்காதாப்பா?” உங்க மோள் ஞானபாய் ஒருக்கா கேட்டாளே, ஓர்மை இருக்கா அண்ணே?

சத்தியதாஸ்: எல்லாரும் குடிச்ச பொறவு நான் குடத்தச் சரிக்கதப் பாத்துக் கேட்டா. இப்ப எதுக்கு அது? பந்துகளி தொடங்கப் போவுது, பூட்ஸக் கெட்டு.

லிங்கம்: முடிச்சு விழ மாட்டேங்குது...

சத்தியதாஸ்: ஃபைனல்னா பதட்டம் இருக்கத்தான் செய்யும்.

லிங்கம்: ஃபைனலுக்கு இல்ல. செமியில ஒருத்தனாவது எனக்குப் பந்து தந்தானா? இன்னைக்குச் சாலைக் கடைத்தெருக்காரங்க பாதிப்பேரு கடைய அடைச்சிட்டு கேலரியில இருக்காங்க. எங்க அப்பாவும்...

சத்தியதாஸ்: செமி ஜெயிச்சோம்லா.

லிங்கம்: தப்பிச்சோம். கேப்டன் பட்டைய நீங்களே வச்சுக்கிடுங்க. புது மேனேஜர் உங்கள எறக்கிட்டு என்ன ஏத்தினாரு... நான் அவரு கால்ல விழுந்தேன்னு டீம் பயக்க பேசுதானுவ.

சத்தியதாஸ்: அவனுவ பந்து தராததுக்கு அது பாதிக் காரணம். மீதி, நீ வெள்ளம் குடிச்ச லெட்சணம்.

லிங்கம்: வெள்ளமா? தண்ணி குடிச்சதுல என்ன?

சத்தியதாஸ்: செமி இடைவேளையில மேனேஜர் குளுக்கோஸ் வெள்ளத்த நீட்டினாரு. நீ மொதல்ல வாங்கிக் குடிச்சே.

லிங்கம்: “கேப்டன் ஃபர்ஸ்ட்”னு சொன்னாரு, புதுச் சட்டம்... எப்படி மாட்டேன்னு சொல்ல?

சத்தியதாஸ்: கேப்டன் கடைசியில குடிக்க நம்ம வழக்கம் அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்லா மக்கா.

லிங்கம்: தெரியும். தாகத்துல மறந்துட்டேன்.

சத்தியதாஸ்: என்ன, இப்பவும் தாகமா?

லிங்கம்: களியாக்கிச் சிரிக்காதீங்க அண்ணே. நான் மேனேஜர்ட்ட போய்ச் சொல்லி...

சத்தியதாஸ்: ஒண்ணும் சொல்லாண்டாம். காலையில பயக்ககிட்ட நான் பேசியாச்சு. பட்டைய நானாத்தான் விட்டேன்னு.

லிங்கம்: எனக்காகப் பொய்யா? ஜெபம் பண்ணிட்டு வாற வாயால?

சத்தியதாஸ்: பொய் இல்ல. மேனேஜர்ட்ட உன் பேரச் சொன்னதே நான்தான்.

லிங்கம்: நீங்களா... ஏன்?

சத்தியதாஸ்: இந்தா, ஒரு தம்ளர் வெள்ளம். குடிச்சிட்டு எந்திரி.

லிங்கம்: வேண்டாம். நீங்க குடிங்க. வெளிய அவனுவளும் குடிக்கட்டும்... நான் கடைசி.

சத்தியதாஸ்: சரி கேப்டன், குடிச்சாச்சு. இனி கேளு. போன சீசன் முழுக்க எனக்குக் கால்முட்டு மடங்கல்ல. ஒருத்தரும் அறியாம என் பக்கத்தையும் சேத்து நீதான் ஓடினே. நான் கேக்கவும் இல்ல, நீ சொல்லவும் இல்ல... கையக் காட்டு மக்கா, பட்டைய நான் கெட்டி விடுதேன்.