குறிப்பு இல்லாத பெட்டி

உமாராணி: …பதிமூணு பெட்டிக்குக் குறிப்பு இருக்கு, இந்த ஒண்ணுக்கு மட்டும் இல்ல. அது ஏம்ணே?

பெனிஸ்டன்: பெட்டியா? நம்ம யார்டுல எண்ணூறு கெடக்கு. நீ எதச் சொல்லுத?

உமாராணி: கண்டெய்னரச் சொல்லலண்ணே. இங்கன, ஸ்கிரீன்ல பாருங்க. சரக்க விட்டாச்சுன்னு சுங்கத்துல இருந்து தகவல் வருதுல்லா, அது முத பெட்டி. கடைசிப் பெட்டில டிரைவர் பதில் வந்து சேருது. ஒரு பெட்டின்னா கம்ப்யூட்டர் தானா செய்யுத ஒரு வேல, நடுவுல எல்லாம் கோடு போட்டுக் கோத்து வச்சிருக்கு.

பெனிஸ்டன்: எனக்கு ஏம்மா இதெல்லாம்? நான் கேட்ல நிக்குதவன். வார லாரிய எண்ணுவேன், போற லாரிய எண்ணுவேன்.

உமாராணி: நீங்க இந்தக் கம்பெனில ஒம்பது வருசமா இருக்கீய. நான் வந்து மூணு வாரம்தான் ஆவுது. அப்ப உங்களத்தான கேக்கணும்?

பெனிஸ்டன்: இதக் கட்டுனது சண்முகவடிவு. அவளக் கேளு.

உமாராணி: அக்கா கல்யாணம் பண்ணி மஸ்கட்டுக்குப் போயிட்டாவ. ஆனா என்னமா எழுதி வச்சிருக்காவ தெரியுமா! ஒவ்வொரு பெட்டி மேலயும் ஒரு மஞ்சச் சீட்டு. இது என்ன செய்யுது, ஏன் செய்யுது, சந்தேகம்னா யாரக் கேக்கணும்… மூணு வரி. இத வாசிங்களேன்.

பெனிஸ்டன்: கண்ணாடி கொண்டாரலியே.

உமாராணி: நெத்தில ஏத்தி வச்சிருக்கீய.

பெனிஸ்டன்: …அட ஆமா.

உமாராணி: சரி நானே வாசிக்கேன். “கொழும்புக் கப்பல் பேரு சில நேரம் ரெண்டு விதமா வரும். ரெண்டும் ஒரே கப்பல்தான், பதறாதீங்க.” அடுத்தது… “இந்தப் பெட்டி திங்கக்கிழமை காலைல மக்கர் பண்ணும். அஞ்சு நிமிஷம் பொறுத்து மறுபடி தட்டுங்க. ஜேசுபாதம் சார்ட்ட சொல்ல வேண்டாம், ஊரையே கூட்டிருவார்.”

பெனிஸ்டன்: ஹஹ்ஹா! எழுதியே போட்டுட்டாளா? மேனேஜர்னு ஒரு மட்டு மரியாத இல்ல அவளுக்கு.

உமாராணி: எனக்கு மூணு வாரத்துல வேல பிடிபட்டதே இந்தச் சீட்டாலதான். அப்பேர்ப்பட்ட ஆளு பதினொண்ணாவது பெட்டிய மட்டும் மொட்டையா விட்டுட்டுப் போவாவளா?

பெனிஸ்டன்: மறந்திருப்பா.

உமாராணி: மறக்குத ஆளாண்ணே அது?

பெனிஸ்டன்: கல்யாண அவசரத்துல புடவையவே கடைல மறந்து வச்சிட்டு வந்தவ அவ. விடு. டீ சொல்லவா?

உமாராணி: டீ அப்புறம். பத்தாவது பெட்டி, “லாரி ஹார்பர் கேட்டத் தாண்டியாச்சு”. பன்னெண்டாவது பெட்டி, “அந்த டிரைவருக்கு அடுத்த ட்ரிப் மெசேஜ் அனுப்பு”. நடுவுல இது. “காத்திரு. பதினெட்டு நிமிஷம்.” அவ்வளவுதான். எதுக்குக் காத்திருக்கணும்?

பெனிஸ்டன்: சுங்கத்து சர்வர் மெதுவா வேல செய்யும்லா? அதுக்கா இருக்கும்.

உமாராணி: சுங்கத்து வேல மூணாவது பெட்டிலயே முடிஞ்சு போச்சே.

பெனிஸ்டன்: அப்ப நெட்டு… கடல் பக்கத்துல டவர் சரியா எடுக்காதுல்ல.

உமாராணி: டவர் எடுக்காட்டா இருபதுன்னோ பதினஞ்சுன்னோ போட்டிருப்பாவ. பதினெட்டுன்னு கணக்கா யாராவது போடுவாவளா? யாரோ கையில கடியாரத்த வச்சுப் பாத்துச் சொன்ன மாதிரி இருக்கு.

பெனிஸ்டன்: ஏளா, உனக்கு வேற சோலியே இல்லியா? அது பாட்டுக்குக் கெடக்கட்டும். உன்னக் கடிக்குதா?

உமாராணி: என்னக் கடிக்கல. அதத்தான் இன்னைக்குக் கடிக்கப் போறாவ.

பெனிஸ்டன்: யாரு?

உமாராணி: சென்னை ஆபீசு. குறிப்பு இல்லாத பெட்டி எல்லாத்தையும் பன்னெண்டு மணிக்குத் தூக்குதாவளாம். இப்ப மணி பதினொண்ணு நாப்பது.

பெனிஸ்டன்: தூக்குதாவளா? அது எப்படித் தூக்குவாவ? யாரக் கேட்டு?

உமாராணி: இம்புட்டு நேரமும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னீய.

பெனிஸ்டன்: …தெரியாதுதான். சும்மா கேட்டேன்.

உமாராணி: இந்தா, சென்னை ஆபீஸ் சாரே கூப்பிடுதார். ஸ்பீக்கர்ல போடுதேன்… வணக்கம் ரங்கநாத் சார்.

ரங்கநாத்: உமாராணி, அந்த லெவன்த் ஸ்டெப் என்ன ஆச்சு? காரணம் கிடைச்சுதா?

உமாராணி: தேடிட்டு இருக்கேன் சார். இன்னும் கொஞ்சம் டைம்…

ரங்கநாத்: இதோ பாருங்க, ஒரு லாரிக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை பதினெட்டு நிமிஷம் சும்மா நிக்கறது. ஏன்னு யாராலயும் சொல்ல முடியலைன்னா அது குப்பைதானே? நான் ஒண்ணும் பிடிவாதம் பிடிக்கல. நியாயமான காரணம் ஒண்ணு எழுதுங்க, யாரைக் கேக்கணும்னு கீழ ஒரு பேர் போடுங்க, நானே விட்டுடறேன்.

உமாராணி: பேரு கண்டிப்பா வேணுமா சார்?

ரங்கநாத்: பேர் இல்லாத குறிப்பை யாரும்மா நம்புவா? பன்னெண்டு மணி. சரியா?

உமாராணி: சரி சார்… வச்சிட்டார். கேட்டீயளாண்ணே?

பெனிஸ்டன்: ம்.

உமாராணி: என்ன, மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு?

பெனிஸ்டன்: வெயிலு.

உமாராணி: ஏசி ரூமுக்குள்ளயா?

பெனிஸ்டன்: உமா… அந்தப் பெட்டிய எடுத்துட்டா என்ன ஆவும்?

உமாராணி: லாரி கேட்டத் தாண்டுன அந்த நிமிஷமே டிரைவர் போனு அடிக்கும். ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஓகே போடலன்னா ட்ரிப் அடுத்த ஆளுக்குப் போயிரும். வேகமா வேல நடக்கும்னு சார் சொல்லுதார்.

பெனிஸ்டன்: ரெண்டு நிமிஷத்துல லாரி எங்கன நிக்கும் தெரியுமா?

உமாராணி: எங்கன?

பெனிஸ்டன்: நிக்காது. ஓடிட்டு இருக்கும். கேட்ட விட்டா நேரா உப்பளத்து ரோடு. ரெண்டு பக்கமும் பாத்தி. சைக்கிள்ல வாராவ, தலைல சட்டியோட வாராவ, அந்த ரோட்டுல ஒதுங்க எடம் கெடையாது. லாரிய ஓரங்கட்டணும்னா பைபாஸ்ல பார்க்கிங் வரணும்.

உமாராணி: கேட்ல இருந்து பார்க்கிங்குக்கு எம்புட்டு நேரம் ஆவும்?

பெனிஸ்டன்: லோடு இருந்தா பதினெட்டு நிமிஷம்.

உமாராணி: அடேயப்பா… அதுக்குத்தானா! லாரி போய் நிக்குத வரைக்கும் மெசேஜப் பிடிச்சு வச்சிருக்காவ. டிரைவர் ஓட்டும்போது போனப் பாக்கக் கூடாதுன்னு!

பெனிஸ்டன்: அதுதான். எழுதிரு. காரணம் கெடச்சிட்டுல்லா? நான் கேட்டுக்குப் போறேன்.

உமாராணி: இருங்க, இருங்க. இத ஒரு பயத்துல போட்டாவளா, இல்ல ஏதும் நடந்துச்சா?

பெனிஸ்டன்: உனக்கு இந்த நோண்டுத புத்தி எங்க இருந்து வந்துச்சு?

உமாராணி: விளாத்திகுளத்துல எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான். சொல்லுங்கண்ணே. “அப்படி யாரும் ஓட்டும்போது போன் பாக்க மாட்டான்”னு சார் ஒரு வார்த்தைல முடிச்சிருவார். நடந்துச்சுன்னா நடந்துச்சுன்னு எழுதணும்.

பெனிஸ்டன்: நடந்துச்சு.

உமாராணி: எப்ப?

பெனிஸ்டன்: அஞ்சு வருசம் முன்ன. சித்திர மாசம், மத்தியானம் ரெண்டு மணி. கேட்ட விட்டு வெளிய வந்து லாரி வளையுது. போனு அடிக்கு. மதுர ட்ரிப்பு. விட்டா அடுத்த ஆளு எடுத்திருவான்… ஓகே போடக் குனிஞ்சது ரெண்டு செகண்டு இருக்கும், அவ்வளவுதான். நிமிந்து பாக்கையில முன்னால சைக்கிளோட ஒரு அம்மா.

உமாராணி: ஐயோ… உயிரு?

பெனிஸ்டன்: மாதா காப்பாத்துனாவ. வலது காலு ரெண்டு எடத்துல ஒடஞ்சு போச்சு. உப்பளத்துல வேல பாத்த அம்மா. அதுக்கப்புறம் பாத்தில எறங்க முடியல. பேரு இசக்கியம்மாள்.

உமாராணி: அந்த டிரைவர்?

பெனிஸ்டன்: அவனுக்கென்ன. லைசென்ஸப் பிடுங்குனாவ. ஆறு மாசம் கழிச்சுத் திருப்பிக் கொடுத்தாவ. அப்புறமும் அவன் ஸ்டியரிங்கத் தொடல. வடிவுட்ட வந்து நின்னான். “அந்த மெசேஜ் நாங்க பார்க்கிங்குக்கு வந்தப்புறம் வார மாதிரி உன்னால பண்ண முடியுமாம்மா”ன்னு கேட்டான்.

உமாராணி: ஸ்டியரிங்கையே தொடலங்கீய. பதினெட்டு நிமிஷம்னு எப்படிக் கண்டுபிடிச்சாரு?

பெனிஸ்டன்: ஓட்டிப் பாத்தான். வெறும் வண்டில ஒரு தடவ, லோடோட ரெண்டு தடவ. பக்கத்து சீட்டுல வடிவு உக்காந்து போன்ல நேரம் பாத்தா. மூணு தடவையும் பார்க்கிங் வந்து சேந்ததும் நான் வண்டிய விட்டு எறங்கி…

உமாராணி: நானா?… தண்ணி குடிங்கண்ணே.

பெனிஸ்டன்: வேண்டாம். எழுது. மணி என்ன ஆச்சு?

உமாராணி: பத்து நிமிஷம் இருக்கு. சொல்லுங்க, அப்படியே அடிக்கேன்.

பெனிஸ்டன்: “இது சும்மா நிக்குத நேரம் இல்ல. லாரி உப்பளத்து ரோட்டத் தாண்டி பார்க்கிங்குல போய் நிக்குத நேரம்.” அடிச்சிட்டியா?

உமாராணி: அடிச்சாச்சு.

பெனிஸ்டன்: “முந்தி இது இல்லாதப்ப ஒரு டிரைவர் போனப் பாத்துக்கிட்டே ஓட்டி, இசக்கியம்மாள்ங்கிற அம்மா மேல வண்டிய விட்டுட்டான். இந்த நேரத்தக் குறைக்கணும்னு தோணுச்சுன்னா முதல்ல அந்த ரோட்டுல ஒரு தடவ லாரில போயிட்டு வாங்க.”

உமாராணி: நல்லாருக்குண்ணே. சந்தேகம்னா யாரக் கேக்கணும்?

பெனிஸ்டன்: போடு… பெனிஸ்டன், கேட் டெஸ்க். அந்த லாரிய ஓட்டுனவன்.

உமாராணி: அத அப்படியே போடணுமா?

பெனிஸ்டன்: பேரு இல்லாத குறிப்ப நம்ப மாட்டேன்னு அவர் சொல்லுதாருல்லா.

உமாராணி: அண்ணே, சேவ் பண்ணுததுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.

பெனிஸ்டன்: இனி என்ன கோவம். சொல்லு.

உமாராணி: இந்தப் பெட்டிக்கு முந்தியே குறிப்பு இருந்துச்சு. அழிச்சாலும் ஹிஸ்டரில கெடக்கும்ணே, அது போகாது. போன வாரம் செவ்வாய்க்கிழமை அழிச்சிருக்கு. அழிச்சது கேட் டெஸ்க் லாகின்.

பெனிஸ்டன்: …அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் காலைல இருந்து என்னப் போட்டு இந்தப் பாடு படுத்துனியா?

உமாராணி: எல்லாம் தெரியாது. அழிச்சது நீங்கன்னு தெரியும், ஏன்னு தெரியாது. இம்புட்டு நல்ல மனுசன் ஏன் இதப் போய் அழிச்சாருன்னு மண்ட காஞ்சு போச்சு. வடிவக்கா எழுதுனது இது. நீங்க முழுசா வாசிச்சீயளா?

பெனிஸ்டன்: முத வரி வாசிச்சேன். “இசக்கியம்மாள் விபத்துக்கு அப்புறம் சேர்த்தது.” அதுக்கு மேல கண்ணு ஓடல. அழிச்சுட்டேன்.

உமாராணி: மிச்சத்தக் கேளுங்க. “ஒரு டிரைவர் மூணு தடவ ஓட்டிப் பாத்துச் சொன்ன நேரம். அவரா வந்து கேட்டதாலதான் இந்தப் பெட்டியே இருக்கு. அவர் பேரு வேண்டாம். சந்தேகம்னா என்னக் கேளுங்க, எங்க இருந்தாலும் போன எடுப்பேன். சண்முகவடிவு.”

பெனிஸ்டன்: என் பேரு… இல்லியா அதுல?

உமாராணி: எங்கயும் இல்ல. அந்த டிரைவர் நீங்கன்னு இப்ப நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்.

பெனிஸ்டன்: மாதாவே… அந்தப் பிள்ள எனக்குன்னு யோசிச்சு எழுதிருக்கா. நான் அத அழிச்சுட்டு உக்காந்திருக்கேன்.

உமாராணி: நான் இன்னும் சேவ் பண்ணலண்ணே. பழசத் திருப்பிப் போட ஒரு தட்டு போதும். கீழ வடிவக்கா பேரு இருக்கு, சாரும் ஒத்துக்கிடுவார். பெட்டியும் தப்பிச்சிரும், உங்க பேரும் வெளிய வராது. அஞ்சு வருசம் ஆயிட்டு, இனி எதுக்கு நீங்களா போய் ஆபீஸ் முன்னால தலையக் கொடுக்கணும்? சொல்லுங்க, எதப் போட?

பெனிஸ்டன்: புதுசையே போடும்மா. நான் அழிச்சது ஆபீசுக்குப் பயந்து இல்ல. கேட்ல எம் பக்கத்துல உக்காந்து வேல படிக்குதுல்லா செல்வராணி… தினம் ஒரு பெட்டியா இந்தச் சீட்ட வாசிச்சு, “மாமா இது என்ன, மாமா அது என்ன”ன்னு கேக்கும். போன செவ்வாய்க்கிழம பத்தாவது பெட்டி முடிச்சிருந்துச்சு, அடுத்தது இதுதான். அது இசக்கியம்மா மவ. வேலைக்குச் சேத்து விடுன்னு அந்தம்மாவே எங்கிட்டக் கொண்டாந்து விட்டாவ, வண்டிய விட்டது நான்தான்னு மவகிட்ட இன்னைக்கு வரைக்கும் அந்தம்மாவும் சொல்லல, நானும் சொல்லல. நீ சேவ் பண்ணு… நான் போய் அவளக் கூட்டிட்டு வாரேன், எம் முன்னாலயே வாசிக்கட்டும்.